முடிச்சை வாசிக்கத் தெரிந்தவர்கள்

எனக்குப் பத்து வயதிருக்கும். அப்புவின் பட்டியில் ஈன்று ஒரு மாதமான நாம்பன் கன்று ஒன்றை நான்தான் கட்டுவேன் என்று அடம்பிடித்தேன். கழுத்தைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு, முடிந்து, மறுதலைப்பை முளையில் கட்டிவிட்டு விளையாடப் போய்விட்டேன். தாய்ப்பசு கத்திய கத்தில் அப்பு ஓடினார். கன்று இழுக்க இழுக்கக் கயிறு இறுகி, நாக்கு வெளியே தள்ளி நின்றது. கயிற்றைக் கத்தியால் அறுத்துக் கன்றைத் தடவி நிறுத்திய பிறகுதான் என் பக்கம் திரும்பினார். அடிக்குத் தயாராக நின்றேன். விழுந்தது ஒரு கேள்வி. "டேய், உதை எப்பிடிக் கழட்டுறதெண்டு யோசிச்சுப்போட்டே கட்டினனீ?"

நான் போட்டது உருவாஞ்சுருக்கு. கயிற்றின் நுனியைக் கயிற்றின் மேலேயே முடிந்துவிட்டால், அந்த முடிச்சு ஓடும், வளையம் சுருங்கும். முயலுக்குக் கண்ணி வைப்பவனுக்கு வேண்டியது அது. கன்றின் கழுத்துக்கு வேண்டியது எவ்வளவு இழுத்தாலும் சுருங்காத வளையம். அன்று பின்னேரம் அப்பு அதைக் காட்டித் தந்தார். கயிற்றில் ஒரு சின்ன வளையம் போடு. நுனியை அந்த வளையத்துக்குள்ளால் கீழிருந்து மேலே கொண்டுவா. நீளக் கயிற்றுக்குப் பின்னால் ஒரு சுற்று. வந்த வளையத்துக்குள்ளேயே நுனியைத் திருப்பி இறக்கு. இழு. உலகத்துக் கப்பல்காரர் எல்லாரும் பாய்மரக் கயிற்றில் போடுகிற முடிச்சும் இதுதான் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது. கடலை அதிகம் காணாத அப்புவுக்கு அது மாட்டு முடிச்சு.

முளைப்பக்கம் போடுவது வேறு. அங்கே நுனியை முழுதாக இழுத்து எடுக்காமல், மடித்த வளையமாகவே செருகிவிடுவார். எவ்வளவு பலமான மாடு இழுத்தாலும் நிற்கும். தொங்குகிற நுனியை மனிதக் கை ஒருதரம் சுண்டினால் முழுதும் கழன்றுவிடும். இரவில் யானை வந்தால் கத்தி தேடிக்கொண்டு நிற்க முடியாது அல்லவா? தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறான் என்று ஊரில் பழிப்பார்களே, அந்தத் தும்பு இந்தக் கயிறுதான்.

அப்புவின் கேள்வியை வைத்துக்கொண்டு முடிச்சுகளின் வரலாற்றைப் பார்த்தால் அது வேறு விதமாகத் தெரிகிறது. எது எதைக் கட்டினார்கள் என்ற பட்டியல் பெரிய விஷயமில்லை. கட்டியவர் ஒருவர், அவிழ்ப்பவர் இன்னொருவர் என்று வரும்போதுதான் முடிச்சு சுவாரசியமாகிறது.

முதலில் கயிற்றைப் பற்றி நாலு வார்த்தை. பிரான்சில் அப்ரி டு மராஸ் என்ற குகைவாயிலில் கிடைத்த கல்லாயுதம் ஒன்றில் ஒட்டியிருந்த நூல்துண்டைப் பற்றி 2020 இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நீளம் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர்தான். 40,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. திரித்தவர்கள் நியாண்டர்தால் மனிதர்கள். மூன்று புரி. ஒவ்வொரு புரியும் ஒரு பக்கமாக முறுக்கப்பட்டு, மூன்றும் சேர்ந்து எதிர்ப்பக்கமாக முறுக்கப்பட்டிருந்தன. தென்னந்தும்பைத் தொடையில் உருட்டித் திரித்த எங்கள் கிழவிகள் செய்ததும் அச்சொட்டாக இதே வேலை. புரி தன் முறுக்கை விட்டு அவிழப் பார்க்கும். கயிறு அதற்கு எதிர்த்திசையில் அவிழப் பார்க்கும். ஒன்றை ஒன்று அவிழ விடாமல் பிடித்துக்கொள்வதால்தான் கயிறு கயிறாக நிற்கிறது. பொய் சொல்பவனைக் கயிறு திரிக்கிறான் என்கிறோம். நல்ல பொய்யும் அப்படித்தான், ஒரு புரியை மறுபுரி தாங்கும்.

முடிச்சைத் தாங்குவது உராய்வு. இதைப் படிப்பிக்க இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியைவிடப் பொருத்தமான இடம் இல்லை, ஏனென்றால் இங்கே கயிற்றின் மறுமுனையில் யானை இருந்தது. வன்னிமைகள் என்ற இங்கத்தைய சிற்றரசுகள் ஒல்லாந்தருக்குத் திறையாக யானை கொடுத்தன. பிடிபட்ட யானைகள் ஆனையிறவில் ஆழமில்லாத நீரேரியைக் கடந்து குடாநாட்டுக்குள் போய்க் கப்பலேறின. அந்த ஊர்ப்பெயரே அதைத்தான் சொல்கிறது. 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற், வடக்கிலும் வடகிழக்கிலும் முஸ்லிம் ஊர்களில் வாழ்ந்த பணிக்கர் என்ற யானைபிடிகாரரைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். அவர்களிடம் இருந்த கருவி ஒன்றே ஒன்று: தோலால் முறுக்கிய வார்க்கயிறு. காட்டு யானைக்குப் பின்னால் சத்தமில்லாமல் போய், தூக்கிய பின்னங்காலுக்குள் சுருக்கை மாட்டி, யானை ஓடத் தொடங்கும்போது மறுமுனையை மரத்தில் சுற்றிவிடுவார்கள்.

மனிதன் பிடித்து யானை நிற்குமா? மரத்தின் சுற்றுத்தான் பிடிக்கிறது. கயிற்றுக்கும் மரப்பட்டைக்கும் இடையில் உராய்வுக் குணகம், அதாவது எவ்வளவு உரசிப் பிடிக்கும் என்ற அளவு, 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு உங்கள் கைப்பிடி ஆறரை மடங்காகும். இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு. மூன்று சுற்றுக்கு ஏறத்தாழ 285 மடங்கு. நீங்கள் பத்துக் கிலோ பாரத்தைப் பிடிக்கிற அளவு இறுக்கிப் பிடித்தால், அந்தப் பக்கம் 2,850 கிலோ இழுவையை மரம் தாங்கிக்கொள்ளும். சுற்றுக் கூடக் கூடக் கூட்டலாக ஏறாமல் பெருக்கலாக ஏறுவதுதான் சூட்சுமம். முடிச்சு என்பதும் இதே கதைதான். மரத்துக்குப் பதிலாகக் கயிறு தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. சொரசொரப்பான தும்புக்கயிற்றில் நின்ற முடிச்சு வழுவழுப்பான நைலோனில் உருவிக்கொண்டு போவதற்குக் காரணமும் இந்தக் குணகந்தான். நைலோனுக்கு ஒரு சுற்றுக் கூடப் போடு என்று கடற்கரையில் சொல்வார்கள்.

கடற்கரை என்றதும் கட்டுமரம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களில் இதைப்போல வஞ்சகமில்லாத சொல் வேறில்லை: கட்டிய மரம், அவ்வளவுதான். ஆணி கிடையாது. மரங்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் பிணைத்தார்கள். அலை அடித்து எழும்புகிற கரையில் ஆணியடித்த பலகை உடையும், கட்டிய மரம் நெளிந்து கொடுக்கும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப் போடலாம். இன்று முல்லைத்தீவுக் கரை முழுக்கப் பிளாஸ்ரிக் நாரிழைப் படகு. ஆனால் கரைவலை இழுக்கிற நீண்ட கயிறுகள் இன்னும் மணலில் கிடக்கின்றன, சில இடங்களில் மனிதருக்குப் பதிலாக உழவு இயந்திரமும் இழுத்திருக்கிறது என்றாலும்.

கரையில் வலை பொத்துகிறவரின் கையைக் கவனித்துப் பாருங்கள். வலையூசி ஒரு கண்ணுக்குள் கீழிருந்து வந்து, கண்ணின் கழுத்தைப் பின்னால் சுற்றி, தன் நூலுக்கு அடியாலேயே போய் இறுகும். விரல் ஒன்று முடிச்சை அமர்த்தும், அடுத்தது தொடங்கும். ஒரு பாகம் வலையில் இப்படி ஆயிரக்கணக்கில். நூல் அறுந்த நெசவாளி இழையைப் பொருத்துவதும் இதே முடிச்சால். கப்பலில் பாய்க்கயிறு கட்டுவதும் இதே முடிச்சால். அப்பு காட்டித் தந்த கன்றுமுடிச்சின் உள்ளமைப்பும் இதுவேதான். ஒரு கயிற்றிலேயே போட்டால் வளையம், இரண்டு கயிற்றுக்கிடையில் போட்டால் இணைப்பு. 1913 இல் கரேலியாவில், அப்போது பின்லாந்தாக இருந்த அன்ட்ரியா என்ற இடத்தில், சதுப்பு நிலத்துக்கு அடியிலிருந்து வில்லோ மரநாரால் முடிந்த மீன்வலை ஒன்று வெளிவந்தது. வயது பத்தாயிரம் ஆண்டுக்கு மேல். ஒரு முடிச்சு அவிழ்ந்தாலும் மற்றவை நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் வலையில் இவ்வளவு முடிச்சு.

வேலியடைப்பையும் சொல்லாமல் போனால் ஊர் என்னை மன்னிக்காது. கிடுகு வேலிக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. உள்ளே இருப்பவர் குத்தூசியில் கயிற்றைக் கோத்து வெளியே தள்ளுவார். வெளியே இருப்பவர் வரிச்சைச் சுற்றித் திருப்பி உள்ளே அனுப்புவார். ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல் ஒரு நாள் முழுக்க ஊர்க்கதை பேசிக்கொண்டே அடைக்கலாம். முடிச்சு மட்டும் எப்போதும் உள்பக்கம்தான் விழும். அவிழ்க்கும் உரிமை வீட்டுக்காரருக்கு.

பொருளைக் கட்டுவது பற்றி இவ்வளவு போதும். முடிச்சு நினைவையும் எண்ணையும் கட்டி வைத்த கதைக்கு வருகிறேன். எனக்கு இதில்தான் கூடுதல் ஆர்வம்.

1532 இல் ஸ்பானியர் தென்னமெரிக்காவின் பெரு என்ற நாட்டுக்குள் நுழைந்தபோது அங்கே ஆண்ட இன்காக்களிடம் நாம் எழுத்து என்று சொல்வது இல்லை. ஆனால் அன்டீஸ் மலைத்தொடர் நெடுக வரியும் படையும் களஞ்சியமும் நடத்தினார்கள். அதற்குக் கணக்கு கீப்பு என்ற முடிச்சுக் கயிறுகளில் இருந்தது. தடித்த தாய்க்கயிறு ஒன்று, அதிலிருந்து தொங்கும் பருத்தி அல்லது அல்பாக்கா மயிர்க் கயிறுகள் பல. சில கீப்புகளில் நாலைந்து தொங்கும், பெரியவற்றில் நூற்றுக்கணக்கில். 1912 இல் லெலண்ட் லொக் என்ற அமெரிக்கர் இதில் எண் எப்படி இருக்கிறது என்பதை வெளிப்படுத்தினார். நம்முடையதைப் போலவே பத்தின் அடுக்கு.

ஒரு கயிற்றில் முடிந்து பார்ப்போம். சந்தைக்கு 342 தேங்காய் போனது என்று வையுங்கள். தாய்க்கயிற்றுக்குக் கிட்ட, நூறின் இடத்தில், மூன்று சாதாரண முடிச்சு. கொஞ்சம் இடைவெளி. பத்தின் இடத்தில் நான்கு முடிச்சு. இன்னும் கீழே, ஒன்றின் இடத்தில், இரண்டு தனி முடிச்சுப் போடமாட்டார்கள். ஒரே முடிச்சுக்குள் இரண்டு சுற்றுச் சுற்றிய நீள முடிச்சுப் போடுவார்கள். தேங்காய் 302 என்றால் பத்தின் இடம் வெறுங்கயிறாக இருக்கும். அதுதான் பூச்சியம். 341 என்றால் ஒரு சிக்கல்: நீள முடிச்சுக்குக் குறைந்தது இரண்டு சுற்று வேண்டும், ஒரு சுற்று என்றால் அது சாதாரண முடிச்சாகிவிடும். ஆகவே ஒன்றுக்கு மட்டும் எட்டு வடிவத்தில் வளைந்த தனி முடிச்சு. ஒன்றாம் இடத்துக்கு வேறு முடிச்சு வைத்ததில் ஒரு கெட்டித்தனம் இருக்கிறது. ஒரே கயிற்றில் இரண்டு எண் இருந்தால் முதல் எண் எங்கே முடிகிறது என்பது கைக்கே தெரிந்துவிடும்.

எண் முடியும் இடத்தில் முடிச்சு. இதைத் தமிழில் எழுதும்போது சிரிப்பு வருகிறது. தலைமயிரை முடிவதும் வேலை முடிவதும் நமக்கு ஒரே ஒலி. கட்டு என்பதும் அப்படி: குளக்கட்டு, கட்டளை, கட்டுப்பாடு. முத்தையன்கட்டுக் குளம் ஊர்ப்பெயராகவே அதை வைத்திருக்கிறது. நீங்கள் இப்போது வாசிப்பதற்கும் கட்டுரை என்றுதான் பெயர்.

கீப்புகளை முடிந்து வாசித்தவர்களுக்குக் கீப்புக்கமாயோக் என்று பெயர். ஆரம்பத்தில் ஸ்பானியரின் நீதிமன்றங்களே அவர்களைக் கூப்பிட்டு, கயிற்றை வாசிக்கச் சொல்லி, சாட்சியமாகப் பதிந்தன. இன்ன ஆண்டு இன்னாருக்கு இத்தனை ஆடு, இத்தனை மூடை சோளம் கொடுத்தோம் என்று கயிற்றைத் தடவித் தடவிச் சொல்வார்கள், எழுத்தர் எழுதுவார். 1583 இல் லீமாவில் கூடிய திருச்சபை மன்றம் கீப்புகளைப் பழைய வழிபாட்டின் மிச்சம் என்று கண்டித்தது. அதே காலத்தில், செய்த பாவங்களைக் கயிற்றில் முடிந்துகொண்டு பாவசங்கீர்த்தனத்துக்கு வரச் சொன்ன குருமாரும் இருந்தார்கள். மடு மாதா கோயிலுக்குச் செபமாலையோடு போகிறவர்களுக்கு அது அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. கிழக்குத் திருச்சபைத் துறவிகள் இன்றும் முடிச்சுகளால் ஆன கயிற்றை விரலால் உருட்டித்தான் செபிக்கிறார்கள்.

கெட்டது என்னவென்றால், கயிறுகள் அழிந்தது மட்டுமல்ல. வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இல்லாமல் போனார்கள். இன்று உலக அருங்காட்சியகங்களில் ஏறத்தாழ ஆயிரம் கீப்புகள் உள்ளன. எண்ணை வாசிக்கலாம், எதன் எண் என்று சொல்ல ஆளில்லை. எண்ணுக்கு அடங்காத கீப்புகளும் உண்டு. பெருவின் மலைக்கிராமமான சான் ஹுவான் டி கொலாட்டாவில் ஊரார் தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் வைத்துக் காத்த இரண்டு கீப்புகளை மானிடவியலாளர் சபீன் ஹைலண்ட் ஆராய்ந்து 2017 இல் எழுதினார். நிறம், முறுக்கிய திசை, எந்த மிருகத்தின் மயிர் என்பதையெல்லாம் சேர்த்து 95 வெவ்வேறு குறிகள் அவற்றில் இருந்தன. மயிரின் வேறுபாடு கண்ணுக்குப் பிடிபடாது, தொட்டுத்தான் அறிய வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் அவருக்குச் சொன்னார்கள். அருங்காட்சியகத்துக் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்க்கிறவனுக்கு எந்தக் காலத்திலும் பிடிபடாத நூலகம்.

சீனரின் பழைய நூல்களும் எழுத்துக்கு முன்னால் முடிச்சால் ஆண்டார்கள் என்று சொல்கின்றன. ரியூக்கியூ தீவுகளில் வைக்கோலை முடிந்து வரிக்கணக்கு வைத்தார்கள். எங்கள் பக்கம் அரசாங்கம் நடத்தும் அளவுக்கு இது போகவில்லை. ஆச்சியின் சேலைத்தலைப்போடு நின்றுவிட்டது. சந்தைக் காசு ஒரு முடிச்சு, சங்கக்கடை மிச்சம் ஒரு முடிச்சு. முடிச்சுமாறி என்று யாரையாவது ஏசினால் அது சேலைத்தலைப்பு வங்கியாக இருந்த காலத்து வசை.

நாளை எண்ணவும் முடிச்சு உதவியது. பாரசீக மன்னன் தாரியஸ் சித்தியர் மேல் படையெடுத்துப் போனபோது, தன்யூப் ஆற்றுப் பாலத்தைக் காவல் காத்த அயோனிய கிரேக்கரிடம் 60 முடிச்சுப் போட்ட வாரைக் கொடுத்து, நாளுக்கு ஒன்றாக அவிழுங்கள், முழுதும் அவிழ்ந்தும் நான் வராவிட்டால் பாலத்தை விட்டு ஊருக்குப் போய்விடுங்கள் என்றான் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். 1680 இல் இன்றைய நியூ மெக்ஸிக்கோவில் ஸ்பானியருக்கு எதிராகப் பியூப்லோ மக்கள் ஒரே நேரத்தில் எழுந்ததும் இப்படித்தான். போபே என்ற தலைவர் ஊர் ஊராக ஓட்டக்காரரிடம் முடிச்சுக் கயிறு அனுப்பினார். கடைசி முடிச்சு அவிழும் நாள் கிளர்ச்சி. இரண்டு ஓட்டக்காரர் பிடிபட்டுச் செய்தி கசிந்ததால் ஒரு நாள் முந்தியே, ஓகஸ்ட் 10 ஆம் திகதி, தொடங்கிவிட்டார்கள். ஸ்பானியர் பன்னிரண்டு ஆண்டுகள் அந்த மண்ணை விட்டு வெளியே நின்றார்கள். ஓட்டக்காரரைப் பிடித்த தளபதி கையில் கயிறு மட்டும் இருந்திருந்தால் என்ன விளங்கியிருக்கும்? விளங்கியது ஆட்களை விசாரித்ததால்.

கடலைக் கட்டியவர்களும் உண்டு. வட ஐரோப்பியக் கரைகளில் கப்பல்காரர் காற்றை விலைக்கு வாங்கினார்கள். மந்திரக்காரர் மூன்று முடிச்சுப் போட்ட கயிறு கொடுப்பார். முதல் முடிச்சை அவிழ்த்தால் இளங்காற்று, இரண்டாவதற்குப் பலத்த காற்று, மூன்றாவதை அவிழ்க்காதே, புயல். 1555 இல் சுவீடன் நாட்டுப் பாதிரியார் ஒலாவுஸ் மக்னுஸ் இதைப் படத்தோடு பதிந்தார். மூடநம்பிக்கை என்று சிரிக்க முன்னால் வன்னியின் மேற்குக் கரைக்கு வாருங்கள். அரிப்பு, சிலாவத்துறைப் பக்கம் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரருக்குக் கடல்கட்டி என்று பெயர். அவர் கரையில் நிற்காமல் குளிகாரர் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். பிரித்தானிய அரசே அவருக்குக் கூலி கொடுத்தது. மார்க்கோ போலோ 13 ஆம் நூற்றாண்டில் இதே முத்துக்கடலைப் பற்றிச் சொன்னது இன்னும் அழகு: மந்திரக்காரர் பகலில் மீன்களைக் கட்டி, இரவில் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். ஏன்? கட்டி வைத்தபடியே விட்டால் இரவில் கள்ளர் வந்து முத்துக்குளிப்பார்களே.

குளிகாரரை உண்மையில் காத்தது மந்திரமல்ல, கயிறு. முப்பது நாற்பது இறாத்தல் கல் ஒன்றில் கட்டிய கயிற்று வளையத்துக்குள் கால் வைத்து இறங்குவார். ஒரு நிமிடமளவுதான் மூச்சு. கயிற்றை ஒருதரம் வெட்டியிழுத்தால் மேலே தோணியில் இருப்பவர் தூக்க வேண்டும். அந்த வெட்டிழுப்பைத் தவறாமல் வாசிப்பவரைத்தான் குளிகாரர் தனக்குக் கயிறு பிடிக்க வைத்துக்கொள்வார்.

காற்றை விற்ற முடிச்சு போனாலும் கடலின் வேகம் இன்னும் முடிச்சில்தான் அளக்கப்படுகிறது. காற்று 30 நொட் என்று வானிலை அறிக்கை சொல்லும்போது சொல்வது முடிச்சைத்தான். பாய்க்கப்பலில் இருந்து பலகைத்துண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கடலில் போடுவார்கள். பலகை நின்ற இடத்தில் நிற்கும், கப்பல் போகும், கயிறு உருளையிலிருந்து ஓடும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 செக்கனில் வடியும் மணற்கடிகாரம் காலியாகுமுன் கையால் எத்தனை முடிச்சு ஓடியதோ, கப்பலின் வேகம் மணிக்கு அத்தனை கடல் மைல். கடல் மைல் 1,852 மீற்றர். 28 செக்கனுக்குரிய பங்கை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், 14.4 மீற்றர் வரும், அதாவது அந்த 47 அடிச் சொச்சம். இருட்டிலும் எண்ணலாம். விரலிடுக்கில் முடிச்சுத் தட்டும்.

நிலத்தை அளந்த முடிச்சுக்கு எகிப்தைக் காட்டுவார்கள். தீப்ஸ் நகரில் மென்னா என்பவரின் கல்லறைச் சுவரில் முடிச்சுக் கயிறு பிடித்து வயல் அளக்கும் ஆட்கள் உண்மையாகவே இருக்கிறார்கள். ஆனால் 12 முடிச்சுக் கயிற்றை 3, 4, 5 என்று மடக்கிப் பிரமிட்டுக்கு மூலைமட்டம் பார்த்தார்கள் என்று பாடப்புத்தகங்களில் வருவது, 19 ஆம் நூற்றாண்டுக் கணித வரலாற்றாசிரியர் மொரிட்ஸ் கன்ரரின் ஊகம். எகிப்திய ஏடு எதிலும் அது இல்லை. கயிற்றால் வேள்விமேடை அமைக்கச் சொல்லித்தந்த பழைய வடமொழி நூல்களான சுல்ப சூத்திரங்களிலோ மூலைவிட்டக் கயிற்றின் விதி பச்சையாகவே இருக்கிறது. சுல்பம் என்றாலே கயிறு. எங்கள் மேசன்மாருக்கு இரண்டு சண்டையும் தேவையில்லை. மீள்குடியேறிய பிறகு எங்கள் வீட்டுக்கு அத்திவாரம் கீறியவர் நைலோன் நூலில் மூன்று முடிச்சைப் போட்டுக்கொண்டு வந்து, மூன்றடி, நாலடி பிடித்து, குறுக்கே ஐந்தடி சரியாக விழுந்ததும் "மூலை நிக்குது அண்ணை" என்றார்.

அந்த வீடு வருவதற்கு முந்திய காலம் தறப்பாள் கூடாரம். வன்னியில் ஒரு தலைமுறைக்கு முடிச்சுப் படிப்பித்தது அதுதான். 2009 இன் முதல் மாதங்களில், போர் துரத்த, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே கிழக்கே போகையில் ஒவ்வொரு இடத்திலும் கட்டினோம், ஒவ்வொரு இடத்திலும் அவிழ்த்தோம். தறப்பாளின் ஓட்டைகள் முதல் காற்றிலேயே கிழிந்துவிடும். மூலைக்குள் நெல்லிக்காய் அளவு கல் ஒன்றை வைத்து, தறப்பாளால் மூடி, கல்லுக்குக் கீழே கழுத்தில் கயிறு கட்டினால் எந்தக் காற்றுக்கும் உருவாது. யார் முதலில் செய்தார்களோ, ஒரு கிழமைக்குள் எல்லாக் கூடாரத்திலும் கல் இருந்தது. மழைக்கு நைலோன் கயிறு இளகும், இரவில் எழும்பி இழுத்துக் கட்ட வேண்டும். அங்கே முடிச்சுப் போடுகையில் எல்லாரும் மடித்த நுனியைச் செருகித்தான் கட்டினார்கள். ஒரே சுண்டில் அவிழ வேண்டும். அப்பு உயிரோடு இருந்திருந்தால் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டி வந்திருக்காது.

அந்தப் பயணம் முழுக்க அம்மா இடுப்பில் ஒரு மஞ்சள் துணி வைத்திருந்தார். ஆச்சியுடையது. நேர்த்தி வைத்தால் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமித்தட்டில் வைப்பது எங்கள் வழக்கம். நேர்த்தி தீர்க்கும் நாளில் அவிழ்த்துக் கோயிலில் செலுத்த வேண்டும். ஆச்சியின் துணியில் மூன்று முடிச்சு இருந்தது. ஊர் திரும்பி, முதல் முறை வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போனபோது அம்மா அதை எடுத்தார். வியர்வையிலும் சேற்றிலும் ஊறிக் காய்ந்து முடிச்சுகள் கல்லாகியிருந்தன. பக்கத்தில் நின்றவர் கத்தி நீட்டினார். அம்மா வாங்கவில்லை. நகத்தாலும் பல்லாலும் அரை மணித்தியாலம் பாடுபட்டார்.

முதலாவதில் இரண்டு ரூபாய்க் குற்றி. அது மாமா வெளிநாடு போனதற்கு. இரண்டாவதிலும் குற்றிதான், என் நெருப்புக்காய்ச்சலுக்கு. மூன்றாவதைக் கையில் வைத்து அம்மா என்னைப் பார்த்தார், நான் சின்னம்மாவைப் பார்த்தேன். யாருக்காக, எதற்காக முடிந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆச்சி போய் அப்போது ஆறு வருடம். அம்மா அதை அவிழ்க்காமல், துணியோடு, உண்டியலுக்குள் போட்டார்.